தட்டுக்குள் இறங்கிய சாயம்

பதிவு நீளம். நேரம் இருக்கும்போது வாசியுங்கள்.

சென்ற தவணையில் ஒரு நாள் மாலை வகுப்பு முடிந்து கதவைப் பூட்டிக்கொண்டிருந்தேன். மாணவன் ஒருவன் நானாவின் போனைத் தூக்கிக்கொண்டு வந்தான். "சேர், இதைக் கொஞ்சம் பாருங்களே."

யூடியூப் வீடியோ. அமெரிக்காக்காரர் ஒருவர் வீட்டுக் கராஜுக்குள் நின்று, அகன்ற தட்டமொன்றில் சேவிங் நுரையைக் கொட்டிக் கேக்குக்கு ஐசிங் பூசுவதுபோல் பரப்புகிறார். அதன்மேல் சொட்டுச் சொட்டாக நீலம், பச்சை, கறுப்பு. ஒரு பல்குத்தியால் கோடுகளை இழுக்கிறார். பிறகு வெள்ளை பிளாஸ்டிக் தட்டொன்றைக் குப்புற வைத்து மெதுவாக அழுத்திவிட்டுப் போய்விடுகிறார். மறுநாள் எடுத்துக் கழுவினால் தட்டு முழுக்க மயில் தோகை.

பையன் கேட்ட கேள்விதான் இந்தப் பதிவுக்குக் காரணம். "பெயின்டை அடிச்சிட்டுப் போறத்துக்கு என்னத்துக்கு சேர் இவ்வளவு பாடு?"

நான் வரலாறு படிப்பிக்கிறவன். "அது விஞ்ஞான சேரிடம் கேள்" என்று தப்பித்திருக்கலாம். ஆனால் கேள்வி மண்டைக்குள் நின்றுவிட்டது. ஒரு கிழமையாகத் தேடி வாசித்ததில், அந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல முதலாம் உலக யுத்த விமானத்தின் இறக்கை வரைக்கும் போகவேண்டி இருந்தது.

முதலில் அந்தத் தட்டு என்னவென்று சொல்கிறேன். கடற்கரையில் பிள்ளைகள் எறிந்து விளையாடும் பிரிஸ்பீயின் சாச்சி மகன் என்று வையுங்கள். அதைவிடக் கொஞ்சம் சிறியது, பெரும்பாலும் 21 சென்ரிமீற்றர் விட்டம். ஆனால் கனம் கூட, விளிம்பு கூர். டிஸ்க் கோல்ஃப் என்ற ஆட்டத்துக்கு உரியது. கோல்ஃபில் பந்தைக் குழிக்குள் போடுவதுபோல் இதில் தட்டை எறிந்து எறிந்து, சங்கிலிகள் தொங்கும் ஒரு இரும்புக் கூடைக்குள் விழுத்த வேண்டும். எத்தனை எறிதலில் விழுகிறது என்பதுதான் கணக்கு. மைதானம் பெரும்பாலும் மரங்கள் நிறைந்த பூங்கா. நம்மூரில் இந்த ஆட்டத்தை நான் கண்டதில்லை.

பிரிஸ்பீயின் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் பிரிஸ்பீ என்ற குடும்பத்தின் பேக்கரி ஒன்று இருந்தது. அதன் பை வைக்கும் தகரத் தட்டுகளைப் பல்கலைக்கழக மாணவர்கள் எறிந்து விளையாடியதில் இருந்துதான் அந்தப் பெயர் வந்தது என்பார்கள். ஆனால் தட்டைப் பண்டமாக்கியவர் வேறொருவர், பிரெட் மொரிசன். 1938இல் கலிபோர்னியாவின் சான்டா மொனிக்கா கடற்கரையில் அவரும் வருங்கால மனைவியும் கேக் தட்டொன்றை எறிந்து விளையாடிக்கொண்டிருந்தார்களாம். பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் 25 சதம் தருகிறேன், தட்டைத் தாருங்கள் என்றாராம். கடையில் அதன் விலை 5 சதம். வியாபாரம் அங்கேதான் பிடிபட்டது என்று மொரிசனே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். இரண்டாம் உலக யுத்தத்தில் அவர் போர்விமானி. சுடப்பட்டு விழுந்து ஜேர்மனியரிடம் கைதியாகவும் இருந்தார். திரும்பி வந்தபோது காற்றில் ஒரு பொருள் எப்படி மிதக்கிறது என்பது நன்றாகவே தெரிந்திருந்தது. பிளாஸ்டிக் தட்டுகளைச் செய்து விற்றார். 1957இல் உரிமையை வம்-ஓ என்ற விளையாட்டுச் சாமான் கொம்பனி வாங்கியது.

நமக்கு முக்கியமான ஆள் அடுத்தவர், எட் ஹெட்ரிக். 1964இல் வம்-ஓவில் சேர்ந்தவர். தட்டின் மேற்புறத்தில் வட்ட வட்டமாக மெல்லிய வரம்புகளை எழுப்பினார். பார்த்தால் அலங்காரம் போல இருக்கும். ஆனால் அது அலங்காரம் இல்லை. அந்த வரம்புகள் மேலே ஓடும் காற்றைக் கொஞ்சம் குழப்பிவிடுகின்றன, தட்டு தள்ளாடாமல் பறக்கிறது. 1967இல் இதற்குக் காப்புரிமை கிடைத்தது. பிறகு 1975இல் லொஸ் ஏஞ்சல்ஸுக்கு அருகே ஓக் குரோவ் பூங்காவில் முதலாவது நிரந்தர டிஸ்க் கோல்ஃப் மைதானத்தை அமைத்தார். அடுத்த ஆண்டு ஆட்டத்துக்கு ஒரு சங்கம். சங்கிலிக் கூடைக்குக் காப்புரிமை 1977இல். 2002இல் இறந்தபோது, அவருடைய விருப்பப்படி சாம்பலைப் பிளாஸ்டிக்கோடு கலந்து தட்டுகள் வார்த்தார்கள். நமக்குக் கேட்கவே ஒரு மாதிரி இருக்கும். மனிதன் அப்படித்தான் கேட்டிருக்கிறார்.

1983இல் டேவ் டுனிபேஸ் என்பவர் தட்டின் விளிம்பைச் சரிவாகச் செதுக்கி வடிவமைத்தார். காற்றைக் கிழித்துக்கொண்டு வெகுதூரம் போகத் தொடங்கியது. அன்று முதல் கடற்கரைப் பிரிஸ்பீ வேறு, கோல்ஃப் தட்டு வேறு.

ஹெட்ரிக்கின் வரம்புகளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மேற்பரப்பில் ஒரு மெல்லிய கோடு எழும்பினாலே பறப்பு மாறுகிறது என்றால், ஆட்டக்காரர் ஒருவர் தன் வீட்டில் பெயின்ட் அடித்தால்? அடித்த இடம் தடிப்பாகும், கனமும் கூடும். ஆகவேதான் ஆட்டத்தின் விதிப்புத்தகத்தில் ஒரு வரி இருக்கிறது: தொழிற்சாலையில் இருந்து வந்த தட்டின்மேல், தடிப்பு தெரியக்கூடிய எதையும் சேர்க்கக்கூடாது. உதாரணத்துக்கு அங்கே சொல்லப்படுவதே பெயின்ட்தான். அப்படிச் செய்த தட்டை எறிந்தால் தண்டம்.

அதே விதிகள், எறிகிற தட்டு யாருடையது என்று தெரியும்படி அடையாளம் இடவும் சொல்கின்றன. காட்டுக்குள்ளும் குளத்துக்குள்ளும் விழுந்து தொலைகிற சாமான் அது. ஒரே கொம்பனி, ஒரே நிறம், ஒரே அச்சு. நான்கு பேர் எறிந்தால் எது யாருடையது?

ஆக, அடையாளம் வேண்டும், தடிப்பு கூடாது. நகத்தால் சுரண்டினாலும் விரலில் தட்டுப்படாத நிறம் வேண்டும். மேலே படுத்துக்கிடக்காமல் உள்ளே இறங்கிவிடுகிற நிறம். அதற்குப் பெயர்தான் சாயம். பையனின் கேள்விக்குப் பாதிப் பதில் இது.

மீதிப் பாதி பெரிய கதை. பிளாஸ்டிக்குக்குள் சாயம் எப்படி இறங்கும்? எங்கள் பக்கத்து மருதமுனையில் நெசவு வீடுகளுக்குப் போய் வந்தவர்களுக்குச் சாயத் தொட்டி புதிதல்ல. நூலை நனைத்து, சாயத்தில் ஊறவிட்டு, அலசிக் காயவிட வேண்டும். பருத்தி தண்ணீரைக் குடிக்கும், தண்ணீரோடு சேர்ந்து நிறமும் உள்ளே போகும். பிளாஸ்டிக் தண்ணீர் குடிக்காதே.

1856ஆம் ஆண்டுக்கு வாருங்கள். லண்டனில் வில்லியம் ஹென்றி பேர்கின் என்ற 18 வயதுப் பையன், இரசாயனவியல் மாணவன். பேராசிரியர் ஹொப்மன், மலேரியா மருந்தான குவினைனைச் செயற்கையாகச் செய்யலாமோ என்று யோசித்துக்கொண்டிருந்தார். ஈஸ்டர் விடுமுறையில் பேர்கின் வீட்டிலேயே நிலக்கரித் தாரில் இருந்து கிடைக்கும் பொருள்களை வைத்து முயன்று பார்த்தார். குவினைன் வரவில்லை, கறுத்த கசடு ஒன்றுதான் வந்தது. அதை மதுசாரத்தில் கரைத்தால் அழகான ஊதா. பட்டுத்துணியில் தோய்த்தார், பிடித்துக்கொண்டது. அடுத்த ஆண்டு தொழிற்சாலை. 1858இல் விக்டோரியா மகாராணி தன் மகளின் திருமணத்துக்கு அந்த ஊதா நிறத்தில் உடுத்திப் போனார். உலகத்தின் முதலாவது பெரிய செயற்கைச் சாய வியாபாரம் பிறந்தது தோற்றுப்போன ஒரு மருந்துப் பரிசோதனையில் இருந்து.

(குவினைன் அன்றைக்கு சிங்கோனா மரப்பட்டையில் இருந்துதான் கிடைத்தது. நுவரெலியாவுக்குச் சுற்றுலா போனால் பிள்ளைகள் படம் பிடிக்கிற ஹக்கல பூங்கா 1861இல் தொடங்கியதே அந்தச் சிங்கோனாவை இங்கே வளர்த்துப் பார்க்கத்தான். அடுத்த முறை போகும்போது சொல்லிக்கொடுங்கள்.)

அதன்பிறகு சாயக் கொம்பனிகள் ஈசல்போல் கிளம்பின. ஜேர்மனியில் 1863இல் தொடங்கிய பேயர் அவற்றில் ஒன்று. இன்று நமக்கு அஸ்பிரின் பெயரோடு நினைவில் வரும் அதே பேயர்தான். ஆரம்பத்தில் அவர்கள் செய்தது சாயம். இந்தப் பெயரையும் ஞாபகத்தில் வையுங்கள், திரும்பி வரும்.

இப்போது யுத்தம். முதலாம் உலக யுத்த விமானங்களின் இறக்கை துணியால் ஆனது. துணியை இறுக்கமாக்கவும் நீர் புகாமல் காக்கவும் செலுலோஸ் அசிற்றேற்று என்ற பொருளைக் கரைத்துப் பூசினார்கள். சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த கமில், ஹென்றி டிரைபஸ் சகோதரர்களை அழைத்து, இங்கிலாந்தின் டேர்பி நகருக்கு அருகே ஸ்பொண்டன் என்ற இடத்தில் அதற்கென்றே தொழிற்சாலை போட்டார்கள். 1918இல் யுத்தம் முடிந்தது. பூச்சுக்குத் தேவை போய்விட்டது, இவ்வளவு பெரிய தொழிற்சாலை இருக்கிறது. என்ன செய்வது? அதே பொருளை நூலாக இழுத்துச் செயற்கைப் பட்டு என்று விற்கலாம் என்று முடிவெடுத்தார்கள். 1921 அளவில் நூல் சந்தைக்கு வந்தது. பளபளப்பு, மென்மை, விலையும் குறைவு. ஒரேயொரு குறை. எந்தச் சாயமும் பிடிக்கவில்லை.

யோசித்துப் பாருங்கள், நிறமில்லாத சேலையை யார் வாங்குவார்? அதுவரை அறுபது வருடங்களுக்கு மேலாக உலகம் சேர்த்து வைத்திருந்த சாயங்கள் பெரும்பாலும் தண்ணீரில் கரைகிறவை. இந்த நூலோ தண்ணீரை விலக்குகிற சாதி. தண்ணீர் போகாத இடத்துக்குத் தண்ணீரில் கரைந்த நிறம் எப்படிப் போகும்?

விடை 1923, 1924 அளவில் இங்கிலாந்தில் கிடைத்தது. எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இதுதான். இரசாயனவியலாளர்கள் பிரச்சினையைத் தலைகீழாகப் பிடித்தார்கள். நூல் தண்ணீரை வெறுக்கிறதா? அப்படியானால் தண்ணீரை வெறுக்கிற சாயத்தையே எடுப்போம். தண்ணீரில் கரையாத சாயத்தை மாவுபோல் நுணுக்கமாக அரைத்து, சவர்க்காரம் போன்ற ஒன்றின் உதவியோடு தண்ணீரில் தூவிவிட்டார்கள். கரையவில்லை, சும்மா மிதந்து திரிகிறது. சூடாக்கினால் அந்தத் துகள்கள் பிடிக்காத தண்ணீரை விட்டுவிட்டு, தங்களைப் போலவே இருக்கும் நூலுக்குள் போய் ஒளிந்துகொள்கின்றன. சீனி தேநீருக்குள் கரைவதுபோல், நிறம் திண்மமான நூலுக்குள் கரைந்துவிடுகிறது. அன்றைய சாய வரிசை ஒன்றில் அந்தச் சவர்க்கார வேலையைச் செய்தது ஆமணக்கெண்ணெயில் இருந்து எடுத்த ஒரு பொருள்.

1941இல் இங்கிலாந்தில் வின்பீல்ட், டிக்சன் என்ற இருவர் பொலியெஸ்டர் நூலைக் கண்டுபிடித்தார்கள். நம் வாப்பாமார் காலத்து டெரிலின் சேர்ட் அதுதான். அதுவும் தண்ணீர் பிடிக்காத சாதி. அசிற்றேற்றுக்காகப் பிறந்த அதே தூவல் சாயம் அதற்கும் பொருந்தியது. இன்று நீங்களும் நானும் உடுத்தியிருக்கும் பொலியெஸ்டர் துணியில் இருப்பது பெரும்பாலும் அந்த வம்சத்துச் சாயம்தான்.

அடுத்து பேயர். 1937இல் ஜேர்மனியின் லெவர்குசனில், பேயர் கொம்பனி சேர்ந்திருந்த ஐ.ஜி. பார்பன் என்ற பெரிய கூட்டு நிறுவனத்தின் ஆய்வுகூடத்தில், ஒட்டோ பேயர் என்ற இரசாயனவியலாளர் பொலியூரிதேனைச் செய்தார். பெயர் ஒன்றுதான், கொம்பனியைத் தொடங்கியவருக்கு அவர் சொந்தக்காரர் இல்லை. மெத்தை, சப்பாத்து அடி, போன் உறை என்று இன்று எங்கும் இருக்கும் பொருள். டிஸ்க் கோல்ஃப் தட்டுகளில் விலை கூடிய, மரத்தில் மோதினாலும் உடையாத வகைகள் இந்தக் குடும்பத்துப் பிளாஸ்டிக். மலிவான தட்டுகள் பொலித்தீன் குடும்பம். அவை சாயத்தைக் குடிப்பதில்லை. விலை கூடியது குடிக்கும். சாயம் செய்யவென்று தொடங்கிய ஒரு வீட்டில் பிறந்த பிளாஸ்டிக், சாயம் குடிப்பதில் கெட்டிக்காரனாக இருக்கிறது. வரலாற்றுக்கும் பகிடி விடத் தெரியும்.

ஆகவே அந்தக் கராஜ் மனிதர் செய்வது இதுதான். பழைய பொலியெஸ்டர் உடுப்புக்கு மறுபடி சாயம் போட என்று கடையில் விற்கும் பக்கெட்டை வாங்குகிறார். தட்டின்மேல் கொம்பனி அடித்த பளபளப்பு முத்திரையை அசிற்றோன் தொட்டுத் துடைத்து அழிக்கிறார். பிறகு தன் கைவண்ணம்.

கைவண்ணத்தில் இரண்டு பெரிய வழிகள். ஒன்று வெட்டு முறை. ஒட்டும் வைனல் தாளைத் தட்டின்மேல் ஒட்டி, படத்தைக் கூரான கத்தியால் வெட்டி, கறுப்பு வரவேண்டிய இடத்தை மட்டும் முதலில் உரித்துச் சூடான சாயத்தில் வைப்பார்கள். பிறகு அடுத்த கடும் நிறத்துக்குரிய இடத்தை உரிப்பார்கள். இப்படியே கடைசியில் மஞ்சள் வரை. பத்திக் செய்கிறவர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். நம் நாட்டுப் பத்திக்கில் மஞ்சளில் தொடங்கி, காக்கவேண்டிய இடங்களை மெழுகால் மூடி மூடிக் கடும் நிறத்துக்குப் போவோம். இவர்கள் கறுப்பில் தொடங்கி உரித்து உரித்து வெளிச்சத்துக்கு வருகிறார்கள். தத்துவம் ஒன்றே: நிறம் வேண்டாத இடத்தை மூடி வை. சூடு கூடிவிட்டால் மட்டும் ஆபத்து. தட்டு நெளியும், நெளிந்தால் பறப்பு கெடும், பட்ட பாடெல்லாம் வீண்.

மற்றது அந்த நுரை முறை. இதைப் பார்த்த கணமே எனக்குத் துருக்கியரின் எப்ரு ஞாபகம் வந்தது. உஸ்மானியர் காலத்தில், பிசின் கலந்து தடிப்பாக்கிய தண்ணீரின் மேல் நிறங்களை மிதக்கவிட்டு, ஊசியால் கோலம் இழுத்து, கடதாசியை மேலே படுக்கவைத்து எடுப்பார்கள். புத்தக அட்டைக்கும் எழுத்தணிக்கும் அந்தக் கடதாசி. 18ஆம் நூற்றாண்டில் ஆயா சோபியா பள்ளிவாசலில் கதீபாக இருந்த மெஹ்மட் எபெண்டியின் பெயரால் ஒரு பூக்கோல வகையே இன்றும் 'ஹதீப் எப்ரு' என்று அழைக்கப்படுகிறது. அரச ஆவணங்களுக்கும் அந்தக் கடதாசியைப் பயன்படுத்தினார்கள். ஒரு கோலம் மறுபடி அப்படியே வராது, சுரண்டித் திருத்தினால் கோலம் குலைந்து காட்டிக்கொடுக்கும். தண்ணீரின் இடத்தில் நுரையை வையுங்கள், கடதாசியின் இடத்தில் தட்டை வையுங்கள். உலகத்தில் அதேபோல் இன்னொன்று இல்லாத தட்டு கையில். குளத்தில் விழுந்து யாராவது எடுத்தால் "இது என்னுடையது" என்று சொல்ல வேறு சாட்சி வேண்டியதில்லை.

இந்த நிறமும் நிரந்தரம் இல்லை. உள்ளே கரைந்த சாயம் பிளாஸ்டிக்குக்குள்ளேயே மெல்ல மெல்ல நகர்ந்துகொண்டிருக்கும். சில வருடங்களில் கூரான கோடுகள் மை ஊறினதுபோல் பரவிவிடும்.

இவ்வளவையும் பையனுக்குச் சொன்னேன். சொல்லாமல் விடமுடியாத ஒன்றையும் சொன்னேன். நாம் வகுப்பில் கைத்தொழில் புரட்சி என்றால் நீராவி இயந்திரத்திலேயே நேரத்தை முடித்துவிடுகிறோம். சாயத் தொழிற்சாலைக்குள் போவதில்லை. 1895இல் லுட்விக் ரேன் என்ற ஜேர்மன் சத்திரசிகிச்சை நிபுணர் ஒரு விசயத்தைக் கவனித்தார். பிராங்பர்ட் பக்கத்தில் பியூக்சின் என்ற சிவப்புச் சாயம் செய்யும் தொழிலாளர் சிலருக்குச் சிறுநீர்ப்பையில் புற்றுநோய். ஒரே தொழிற்சாலை, ஒரே நோய். அவர் சொன்னது 1895இல். பிரித்தானியாவில் சாயத் தொழிலாளர்களைக் கணக்கெடுத்து, எந்தெந்தப் பொருள்கள் அதற்குக் காரணம் என்று பெரிய ஆய்வு வெளிவந்தது 1954இல். இடையில் 59 வருடங்கள். அந்த ஐம்பத்தொன்பது வருடமும் தொட்டிகள் நிற்கவில்லை. விக்டோரியா மகாராணியின் ஊதாவைப் படிப்பிக்கிற பாடத்தில் அந்தத் தொழிலாளர்களுக்கும் ஒரு பந்தி வேண்டும் என்பது என் கருத்து.

வீட்டுக் கராஜில் சாயம் போடுகிறவர் அந்தத் தொழிலாளி அல்ல. அவர் கையில் இருப்பது அந்தப் பொருளும் அல்ல. ஆனாலும் தூவல் சாயங்களில் சில நீல நிறங்கள் தோலில் ஒவ்வாமையைக் கிளப்புவதில் பேர்போனவை. பொடி காற்றில் பறக்கும், மூச்சோடு போகும். அசிற்றோன் தீப்பிடிக்கும். அனுபவசாலிகள் கையுறை போடுகிறார்கள், முகக்கவசம் போடுகிறார்கள், சாயத்துக்கென்று தனிச் சட்டி வைத்திருக்கிறார்கள், அதில் மறுபடி சமைப்பதில்லை. "உம்மாவின் கறிச்சட்டியில் கைவைத்தாயோ, முதலில் நான் வந்து உம்மாவிடம் சொல்வேன்" என்றேன். சிரித்துவிட்டுப் போனான்.

பெற்றோருக்கும் ஒரு சொல். பிள்ளை இப்படி எதையாவது பார்த்துவிட்டு வந்து கேட்டால் "படிக்கிற வேலையைப் பார்" என்று துரத்தாதீர்கள். கையுறை வாங்கிக் கொடுத்துப் பக்கத்தில் நில்லுங்கள்.

இரண்டு நாள் கழித்து வகுப்புக்கு வந்தான். பையில் இருந்து ஒரு ஐஸ்கிரீம் டப்பாவின் வெள்ளை மூடி வெளியே வந்தது. உம்மாவின் சட்டி இல்லை, பழைய பெயின்ட் வாளி என்று முதலிலேயே சத்தியம் செய்தான். சாச்சி வீட்டில் மிச்சமாக இருந்த துணிச் சாயத்தைக் கரைத்து ஒரு இரவு முழுக்க ஊறப்போட்டிருக்கிறான். பருத்திக்குப் போடுகிற சாயம், பொலித்தீன் குடும்பத்து மூடி.

"ஒட்டல்ல சேர். குழாயடியில வச்சுக் கழுவினன், எல்லாம் போயிட்டு."

மூடியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கடையில் இருந்து வந்த அதே வெள்ளை. கையுறை எங்கே என்று கேட்டேன். பதில் இல்லை, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான். "காட்டு" என்றேன். பத்து விரலும் நல்ல கடும் நீலம்.